அரபு மொழி கற்க வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்

 

 

நமது அரபுக் கல்லூரிகளிலும் பாடசாலைகளிலும் கல்வியை நிறைவு செய்யும் பிள்ளைகளில் ஒரு தொகையினர், அரபு மொழியையும் மார்க்கக் கல்வியையும் மேலும் கற்கும் நோக்குடன் எகிப்து, சவூதி அரேபியா, ஜோர்தான் போன்ற நாடுகளுக்குப் பயணமாகின்றனர். பிள்ளையின் பயணம் உறுதியானதும் வீடு அமர்க்களப்படுகிறது. விமானச் சீட்டு, புதிய உடைகள், மிளகாய்த்தூள், மாசி என்று பயணப்பை நிறைகிறது. பள்ளிவாசலில் துஆ ஓதப்படுகிறது. கட்டுநாயக்க விமான நிலையம் வரை உறவினர் கூட்டம் செல்கிறது. ஆனால் அந்த ஊரில் எவ்வாறு வாழ வேண்டும், எங்கே தங்க வேண்டும், யாருடன் பேச வேண்டும், நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அப்பிள்ளைக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பவர் மிகச் சிலரே.

இவை சிறிய விடயங்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பயணத்தின் பலனைத் தீர்மானிப்பவை இவைதான். நமது சமூகத்தில் கண்கூடாகக் காணும் ஓர் உண்மையைச் சிந்தித்துப் பாருங்கள். வறுமையின் காரணமாக வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்ற நமது தாய்மார் பலர் அரபு இலக்கணத்தில் ஒரு பாடம்கூடப் படித்தவர்கள் அல்லர். எனினும் ஓரிரு வருடங்களில் அவ்வீட்டாருடன் சரளமாக அரபு பேசுகிறார்கள். மறுபுறம், நான்கு வருடங்கள் பல்கலைக்கழகத்தில் படித்துச் சான்றிதழுடன் திரும்பும் சில இளைஞர்கள், ஓர் அரபி முன்னால் வந்து நின்றால் இரண்டு வாக்கியங்கள் பேசத் தடுமாறுகிறார்கள். அறிவிலே இவர்கள் அத்தாய்மாரை விடக் குறைந்தவர்களா? இல்லை. அத்தாய்மார் அரபு மொழிக்குள் வாழ்ந்தார்கள்; இவர்கள் அரபு நாட்டில் தமிழுக்குள் வாழ்ந்தார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே வெளிநாட்டில் அரபு கற்கும் மாணவனுக்கு அவனது அன்றாட வாழ்க்கையும் ஒரு வகுப்பறையாகும். நமது பிள்ளைகள் நாடிச் செல்லும் கெய்ரோ மாநகரை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்குவோம். ஏனைய ஊர்களுக்குச் செல்பவர்களும் தமக்குப் பொருந்துவதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நிய்யத்தும் பயண ஆயத்தமும்

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் கிரந்தத்தை நிய்யத் பற்றிய நபிமொழியைக் கொண்டே ஆரம்பித்துள்ளார்கள். கல்விப் பயணத்தின் முதல் ஆயத்தமும் அதுவே. "வெளிநாட்டில் படித்தவர்" என்ற பெயருக்காகச் செல்பவனைக் கொஞ்ச நாட்களில் சோர்வு பிடித்துக்கொள்ளும். அல்லாஹ்வின் வேதத்தையும் அவனது தூதரின் வழிமுறையையும் மூல மொழியில் விளங்கி, தன் ஊருக்கு எடுத்துச் சொல்வதற்காகச் செல்பவன் சிரமங்களைத் தாங்கிக்கொள்வான்.

நிய்யத் இருந்தால் போதும், மற்றவை தானாக நடக்கும் என்று இருப்பது தவக்குல் அன்று. நபி மூஸா (அலை) அவர்கள் அறிவு தேடி ஹிழ்ர் (அலை) அவர்களிடம் சென்ற வரலாற்றை ஸூறதுல் கஹ்பு கூறுகிறது. அப்பயணத்தில் அவர்கள் உணவுக்கென மீன் கொண்டு சென்றார்கள். களைப்படைந்தபோது தம் உதவியாளரிடம் அதனைக் கேட்டார்கள். ஒரு நபியே கல்விப் பயணத்துக்கு உணவு கட்டிக்கொண்டுதான் புறப்பட்டார்கள். யமன் வாசிகள் சிலர் எவ்வித ஏற்பாடுமின்றி ஹஜ்ஜுக்கு வந்து, தாம் தவக்குல் வைத்தவர்கள் எனக் கூறிக்கொண்டு, பின்னர் மக்களிடம் கையேந்தினார்கள் என்றும், பயணத்துக்கான உணவை எடுத்துச் செல்லும்படி ஏவும் ஸூறதுல் பகறாவின் 197ஆம் வசனம் அது தொடர்பாகவே இறங்கியது என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

இன்றைய மாணவனின் கட்டுச்சாதம் மூன்று. முதலாவது ஆவணங்கள். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ்கள் ஆகியவற்றை உரிய முறையில் மொழிபெயர்த்து, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, செல்லும் நாட்டின் தூதரகத்திலும் அத்தாட்சிப்படுத்திக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு வாரத்தில் முடியும் வேலையை அங்கே சென்று செய்ய முற்பட்டால் ஒரு தவணையே வீணாகிவிடலாம்.

இரண்டாவது பணம். நாணய மதிப்பு நம் கையில் இல்லை. 2022ஆம் ஆண்டு நம் நாட்டின் பொருளாதார நெருக்கடியின்போது சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. மாதாந்தம் மகனுக்குப் பணம் அனுப்பிய தந்தையரின் சுமை ஓரிரவில் இரட்டித்ததைப் போலாயிற்று. 2024 மார்ச்சில் எகிப்தியப் பவுணும் வீழ்ச்சியடைந்தது. ஒரு டொலருக்கு 31 பவுணளவில் இருந்தது, ஒரே நாளில் 50ஐ அண்மித்தது. கடைகளில் பொருள் விலைகளும் உயர்ந்தன. எனவே குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தொடாத சேமிப்பாக வைத்துக்கொண்டே பிள்ளையை அனுப்ப வேண்டும். வட்டிக்குக் கடன் பட்டோ, இருக்கும் ஒரே காணியை ஈடு வைத்தோ அனுப்பத் தேவையில்லை. நமது நாட்டிலேயே தரமான அரபுக் கல்லூரிகள் இருக்கின்றன. வசதி வரும் வரை பொறுத்திருப்பதில் இழுக்கில்லை.

மூன்றாவது, அடிப்படை அரபு. நஹ்வு, ஸர்பு ஆகியவற்றின் ஆரம்பப் பாடங்களை இங்கேயே முடித்துவிட்டுச் செல்பவன், தகைமைப் பரீட்சையில் மேல் நிலை வகுப்பில் சேரலாம். அல்-அஸ்ஹரில் வெளிநாட்டு மாணவர்கள் தமது தரத்துக்கேற்ப மொழி நிலையத்தில் பயின்ற பின்னரே பீடங்களுக்குள் நுழைகின்றனர். எழுத்துக் கூட்டி வாசிக்கும் நிலையில் செல்பவன், இங்கே செலவின்றிக் கற்றிருக்கக்கூடியதை அங்கே பணமும் காலமும் கொடுத்துக் கற்கிறான்.

தங்குமிடம் என்னும் பெரிய தீர்மானம்

ஹிஜ்ரி 361ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 972இல் முதல் ஜும்ஆ நடைபெற்ற அல்-அஸ்ஹர் பள்ளிவாசலில், காலப்போக்கில் தூர தேசத்து மாணவர்களுக்கென "ரிவாக்" எனப்படும் தங்கும் கூடங்கள் உருவாயின. மக்ரிபியர், ஷாம் தேசத்தவர், துருக்கியர், ஜாவா தீவினர் என ஒவ்வொரு பிரதேசத்தவருக்கும் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. மாணவர்களுக்கு நாளாந்தம் ரொட்டியும் வழங்கப்பட்டது. ஒரே ஊரார் ஒன்றாகத் தங்குவது அன்றும் இருந்தது. ஆனால் அவர்கள் கண் விழித்ததும் அரபு ஆசிரியர்களின் பாட வட்டங்களில் எல்லாத் தேசத்தவருடனும் அமர்ந்தார்கள். உறங்கும் இடம் மட்டுமே ஊரார் இடமாக இருந்தது.

இன்று புலமைப்பரிசில் பெற்றோர் "மதீனதுல் புஊஸ் அல்-இஸ்லாமிய்யா" என்னும் மாணவர் நகரில் தங்குகின்றனர். ஏனையோரில் பலர் நஸ்ர் நகரத்தின் ஏழாம், பத்தாம் வட்டாரங்களில் வாடகை வீடுகளில் கூடி வாழ்கின்றனர். புதிதாகச் செல்பவனுக்கு நம் நாட்டு மாணவர்கள் பெரும் துணையாவார்கள். விமான நிலையத்தில் வரவேற்பதும், பதிவு வேலைகளுக்குக் கூட்டிச் செல்வதும், முதல் நாள் சோறு சமைத்துக் கொடுப்பதும் அவர்களே. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் ஆறு பேரும் ஒரே நாட்டவராகிய வீட்டில் காலை முதல் இரவு வரை தமிழே ஒலிக்கும். தொலைபேசியில் ஊர்ச் செய்தி, கணினியில் தமிழ்ப் படம், சமையலில் ஊர்க் கறி என்று நான்கு வருடங்கள் கழிந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் இதுதான். முதல் சில மாதங்கள் ஊராருடன் தங்குங்கள். பின்னர் இயன்றால் வேறு நாட்டு மாணவர்கள் கலந்த வீட்டுக்கு மாறுங்கள். ஒரு நைஜீரியரும் ஓர் இந்தோனேசியரும் ஓர் இலங்கையரும் ஒன்றாக வாழ்ந்தால், அவர்களுக்கிடையே பொது மொழி அரபாகத்தான் இருக்கும். மாற முடியாதவர்கள் வீட்டுக்குள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளலாம். உதாரணமாக, அஸருக்குப் பின் மஃரிப் வரை அரபு தவிர வேறு பேச்சில்லை என்று அறுவரும் உடன்பட்டால், ஆறு மாதங்களில் அதன் பயனைக் காண்பீர்கள்.

இரண்டு அரபுகள்

கெய்ரோவில் இறங்கும் மாணவன் முதலில் திகைப்பது பேச்சு மொழியைக் கேட்டுத்தான். நாம் கற்றது "புஸ்ஹா" எனும் செம்மொழி. தெருவில் ஒலிப்பது "ஆம்மிய்யா" எனும் வழக்கு மொழி. எகிப்தியர் பேச்சில் ஜீம் எழுத்து "க" போல ஒலிக்கும். "ஜமால்" என்ற பெயர் அங்கே "கமால்" ஆகிவிடும். முன்னாள் ஜனாதிபதி கமால் அப்துந் நாஸரின் பெயர் நம் செவிக்கு அவ்வாறு வந்தது இதனாலேயே. காஃப் எழுத்து பெரும்பாலும் தொண்டைக்குள் மறைந்துவிட, "கஹ்வா" என்பது "அஹ்வா" ஆகும். "உரீது" என்று நாம் படித்ததை அவர்கள் "ஆயிஸ்" என்பார்கள். "அல்ஆன" என்பதைத் "தில்வஃதி" என்பார்கள்.

இதனைக் கண்டு சிலர் "இவர்களுக்கு அரபே தெரியாது" என்று நகைக்கிறார்கள். அது அறியாமை. நாம் மிம்பரில் பேசும் தமிழும் மீன் கடையில் பேசும் தமிழும் ஒன்றா? வேறு சிலர் வழக்கு மொழியில் மாத்திரம் தேர்ச்சி பெற்று, செம்மொழியில் ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் திரும்புகிறார்கள். இரண்டுக்கும் உரிய இடம் உண்டு. கடையிலும் பஸ்ஸிலும் அண்டை வீட்டாரிடமும் அவர்கள் மொழியில் பேசுங்கள். ஆசிரியரிடமும் சக மாணவரிடமும் செம்மொழியில் பேசுங்கள். செம்மொழி காதில் விழுந்துகொண்டே இருக்க ஓர் இலகுவான வழியும் உண்டு. 1964ஆம் ஆண்டு முதல் எகிப்தில் ஒலித்துவரும் அல்-குர்ஆன் வானொலியைக் கடைகளிலும் வாடகை வாகனங்களிலும் கேட்கலாம். ஓதலுடன் மார்க்க உரைகளும் அதில் ஒலிபரப்பாகின்றன. வீட்டில் ஒரு சிறிய வானொலிப் பெட்டியை வைத்து, நாளுக்கு அரை மணி நேரம் ஓர் உரையைக் கேட்டுப் புதிய சொற்களை எழுதிவருபவன் ஒரு வருடத்தில் பெரும் சொற்களஞ்சியம் சேர்த்துவிடுவான். ஜும்ஆ குத்பாவைக் கேட்டு வந்து அதன் சாரத்தை ஐந்து வரிகளில் அரபில் எழுதிப் பார்ப்பதும் நல்ல பயிற்சியாகும்.

நமது இலங்கை முஸ்லிம்களின் தமிழில் அரபுச் சொற்கள் ஏராளம். அவை நமக்கு உதவியும் ஆகும்; தடையும் ஆகும். பொறுமையைக் குறிக்கும் "ஸப்ர்" என்ற சொல்லையும் பயணத்தைக் குறிக்கும் "ஸஃபர்" என்ற சொல்லையும் நம்மில் பலர் "சபர்" என ஒரே விதமாகவே உச்சரிக்கிறோம். அரபில் அவற்றின் எழுத்துகளும் வேறு, பொருளும் வேறு. ஆகவே தெரிந்த சொல்தானே என்று விட்டுவிடாமல் மக்ரஜைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிழைக்கு அஞ்சாதீர்கள்

மாணவனின் வாயைக் கட்டிப் போடுவது வெட்கமாகும். பிழையாகப் பேசினால் சிரிப்பார்களே என்று அஞ்சி, அவன் மௌனமாகவே இருந்துவிடுகிறான். அரபு இலக்கணத்தின் பேராசானாகப் போற்றப்படும் ஸீபவைஹி (ரஹ்) அவர்கள் ஓர் அரபியர் அல்லர், பாரசீகர். பஸ்றாவில் ஹம்மாத் இப்னு ஸலமா (ரஹ்) அவர்களிடம் ஹதீஸ் கற்றுக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லின் இலக்கணத்தில் தவறிவிட்டார்கள். ஆசிரியர் திருத்தினார். இனி எவரும் தம்மில் பிழை காண முடியாத அளவுக்கு இலக்கணம் கற்பேன் என உறுதி பூண்டு, கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்களிடம் சேர்ந்தார்கள். "அல்-கிதாப்" என்ற அவர்களது நூல் இன்றுவரை இலக்கணத்தின் மூலநூலாக விளங்குகிறது. பிழை சுட்டிக்காட்டப்பட்ட அன்று அவர்கள் வெட்கித்து வீட்டில் ஒதுங்கியிருந்தால் இந்நூல் நமக்குக் கிடைத்திருக்குமா?

நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய ஷாபிஈ (ரஹ்) அவர்களின் வாழ்விலும் நமக்குப் படிப்பினை உண்டு. குறைஷி வம்சத்தில் பிறந்த அவர்களுக்கு அரபு தாய்மொழியே. அவ்வாறிருந்தும் தூய அரபைக் கற்பதற்காக ஹுதைல் கோத்திரத்தாரிடம் சென்று, அவர்களுடன் கூடி வாழ்ந்து, அவர்களது மொழியையும் கவிதைகளையும் கற்றார்கள். தாய்மொழியைச் செம்மைப்படுத்தவே ஒருவர் மக்களோடு சென்று வாழ்ந்தார் என்றால், அந்நிய மொழியைக் கற்பவன் அறைக் கதவை மூடிக்கொண்டு எவ்வாறு கற்க முடியும்?

உணவும் உடல் நலமும்

சோறு உண்டு பழகியவர்களுக்கு எகிப்தின் பிரதான உணவு ரொட்டியாகும். ரொட்டியை அவர்கள் "ஐஷ்" என்பார்கள். வாழ்வு என்ற பொருளில் வந்த சொல் அது. பெரும்பயறு போன்ற "பூல்" அவித்துக் காலையில் உண்பார்கள். அதே பூலை அரைத்துப் பொரித்தது "தஃமிய்யா". இவை மலிவானவை, போஷாக்கானவை. ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். "ஜீ-6-பீ-டீ" எனும் நொதியக் குறைபாட்டுடன் பிறந்த சிலருக்குப் பூல் உண்பது ஆபத்தானது. அவர்களது இரத்தத்தின் செங்கலங்கள் சிதைவடையும். பூல் உண்டு ஓரிரு நாட்களில் கண் மஞ்சளாகி, சிறுநீர் கடும் நிறமாகி, களைப்பு மேலிட்டால் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறைபாடு இருப்பதாக அறிந்திருந்தால், புறப்படு முன்னரே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

குளிரையும் அலட்சியம் செய்யாதீர்கள். பாலைவன நாடு என்றால் எப்போதும் வெப்பம் என்று எண்ணிச் செல்பவன், ஜனவரி இரவில் 10 பாகை செல்சியஸ் குளிரில் நடுங்குகிறான். பெரும்பாலான வீடுகளில் சூடேற்றும் வசதி இல்லை. தடித்த போர்வையும் மேலங்கியும் அவசியம். ஸுப்ஹுக்குக் குளிர்ந்த நீரில் வுழூச் செய்யச் சிரமப்படுவோர் குஃப்பு அணிந்து மஸஹுச் செய்யும் சலுகையை அதன் நிபந்தனைகளுடன் கற்றுக்கொள்ள வேண்டும். ஊரில் தங்கியிருப்பவருக்கு அதன் காலம் ஒரு பகலும் ஓர் இரவுமாகும். வசந்த காலத்தில் "கம்ஸீன்" எனும் புழுதிக் காற்று வீசும். இழுப்பு நோயுள்ளவர்கள் தமது மருந்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

வீதியைக் கடப்பதும் கற்க வேண்டிய ஒரு பாடமே. நம் நாட்டில் வாகனங்கள் இடப் பக்கமாகச் செல்கின்றன; எகிப்தில் வலப் பக்கமாகச் செல்கின்றன. பழக்கத்தால் வலப் புறம் பார்த்துவிட்டுக் காலெடுத்து வைப்பவனின் இடப் புறத்திலிருந்து வாகனம் வந்துவிடும். முதல் மாதங்களில் இரு புறமும் இருமுறை பார்த்துக் கடப்பதை வழமையாக்கிக்கொள்ளுங்கள்.

கெய்ரோ இரவிலும் விழித்திருக்கும் நகரம். நள்ளிரவு தாண்டியும் கடைகள் திறந்திருக்கும். கோடையிலோ இஷாவுக்கும் ஸுப்ஹுக்கும் இடைப்பட்ட நேரம் மிகக் குறுகியது. நண்பர்களுடன் விழித்திருந்தால் ஸுப்ஹும் தவறும், காலை வகுப்பும் தவறும், மொழியும் தவறும்.

இபாதத்தும் பழக்க வழக்கங்களும்

நம் நாட்டில் மேற்குத் திசை சார்ந்து தொழுது பழகிய நாம், கெய்ரோவில் தென்கிழக்கு நோக்கித் தொழுகிறோம். புதிய வீட்டுக்குச் சென்றதும் கிப்லாவை அறிந்துகொள்வது முதல் கடமை. பல வருடங்கள் தங்கிப் படிக்கும் மாணவன் தன்னை முஸாபிராகக் கருதித் தொடர்ந்து கஸ்ர் செய்ய முடியாது. ஷாபிஈ மத்ஹபின்படி, சென்றடையும் நாளும் புறப்படும் நாளும் தவிர நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்குவதாக நிய்யத் வைப்பவர் பூரணமாகவே தொழ வேண்டும்.

அஸ்ஹரில் நான்கு மத்ஹபுகளும் போதிக்கப்படுகின்றன. உங்கள் அருகில் தொழுபவர் கைகளைத் தொங்கவிட்டுத் தொழும் மாலிகியாகவோ, ஸுப்ஹில் குனூத் ஓதாத ஹனபியாகவோ இருக்கலாம். அதனை விவாதத்துக்கு எடுக்காதீர்கள். அது கண்டு கற்பதற்கான வாய்ப்பு. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் எகிப்துக்கு வந்த பின்னர் தமது முன்னைய தீர்ப்புகள் பலவற்றை மீளாய்வு செய்து புதிய கருத்துகளை வெளியிட்டார்கள். ஹிஜ்ரி 204இல் அங்கேயே வபாத்தாகி அடக்கம் செய்யப்பட்டார்கள். கற்ற பின்னரும் கற்றுக்கொண்டிருந்த அந்த இமாமின் மண்ணில் நின்று, நான் அறிந்ததே முடிவு என்று வாதிடுவது பொருத்தமன்று.

வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலில் ஜமாஅத்துக்கு ஒழுங்காகச் செல்பவனை அவ்வூரார் விரைவில் தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்கின்றனர். எகிப்திய மக்கள் அஸ்ஹர் மாணவனைக் கண்ணியப்படுத்துபவர்கள். முதியவர்கள் சலாம் கூறி நலம் விசாரிப்பார்கள். ரமழானில் "மாஇததுர் ரஹ்மான்" எனப்படும் இப்தார் விரிப்புகள் வீதிகளில் விரிக்கப்படும். அவற்றில் சாதாரண மக்களுடன் அமர்ந்து நோன்பு திறப்பதில் உணவும் கிடைக்கிறது. பேச்சுப் பழக்கமும் கிடைக்கிறது. அலுவலகங்களில் "புக்ரா" என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். நாளை வாருங்கள் என்பது பொருள். கோபப்படாமல், இன்முகத்துடன் மறுநாளும் சென்று நிற்பவனின் காரியமே முடியும்.

சட்டமும் பாதுகாப்பும்

வதிவிட அனுமதியாகிய "இகாமா" காலாவதியாகுமுன் புதுப்பிக்கப்பட வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடுவது தண்டப்பணத்திலும் சில வேளை நாடு திரும்புவதிலும் முடியும். மாணவர் விஸாவில் சென்றவர் அனுமதியின்றித் தொழில் செய்வதும் கூடாது. சென்ற முதல் வாரத்திலேயே நமது தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டு, விஸா, பல்கலைக்கழக அட்டை ஆகியவற்றின் பிரதிகளை வீட்டிலும் ஒரு தொகுதி வைத்திருங்கள்.

இது வீண் எச்சரிக்கை அன்று. அரபு கற்கப் பல நாட்டு மாணவர்கள் கூடிய திமிஷ்க் நகரம் 2011இல் தொடங்கிய யுத்தத்தால் அவர்களை இழந்தது. அதே வருடம் ஜனவரி இறுதியில் கெய்ரோவில் மக்கள் எழுச்சியின்போது கைத்தொலைபேசிகளும் இணையமும் துண்டிக்கப்பட்டன. பெற்றோர் பிள்ளையின் குரலைக் கேட்க முடியாமல் தவித்தார்கள். 2023 ஏப்ரல் 15ஆம் திகதி கார்த்தூமில் போர் வெடித்தபோது, அங்கு கற்ற வெளிநாட்டு மாணவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஆவணங்கள் அனைத்தும் ஒரே பையில் இருப்பவனுக்கு அத்தகைய வேளையில் பாதிச் சிரமம் நீங்கும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் நமது நாட்டில் அரபு எழுத்தே சந்தேகக் கண்ணுடன் நோக்கப்பட்ட காலத்தை நாம் கடந்து வந்தோம். ஆகவே அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், பகிரங்கமாக, அறியப்பட்ட ஆசிரியர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். இரகசிய வகுப்புகள், தீவிரப் பேச்சுகள், அந்நாட்டு அரசியல் ஆர்ப்பாட்டங்கள் ஆகியவற்றிலிருந்து விலகியிருங்கள். உங்கள் கைத்தொலைபேசியில் பகிரும் ஒரு வரிக்கு நாளை உங்கள் குடும்பமும் ஊரும் பதில் சொல்ல நேரிடலாம்.

பெற்றோருக்கு

மதிப்புக்குரிய பெற்றோர்களே! பிள்ளையுடன் தொடர்பு வைத்திருங்கள்; ஆனால் அளவோடு வைத்திருங்கள். நமது நேரம் எகிப்தை விடக் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரமும் கோடையில் இரண்டரை மணி நேரமும் முந்தியது. பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு அழைத்தால் குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை ஆகிவிடும். உம்மா விழித்திருந்து காத்திருப்பார். குளிர்காலத்தில் அங்கே மாலை நாலரை, இங்கே இரவு எட்டு மணி என ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் ஆறுதலாகப் பேசுங்கள். நாள் முழுவதும் படமும் குரலும் அனுப்பிக்கொண்டிருந்தால் பிள்ளையின் உடல் கெய்ரோவிலும் உள்ளம் ஊரிலுமாக இருக்கும்.

வீட்டில் நிகழும் சிறு பிணக்குகளை அவனிடம் கொண்டு செல்லாதீர்கள். அவனால் தீர்க்கவும் முடியாது; தூங்கவும் முடியாது. அதேவேளை கடும் நோய், மௌத் போன்றவற்றை மறைக்கவும் வேண்டாம். பின்னர் அறியும்போது அவன் உங்கள் சொல்லில் நம்பிக்கை இழப்பான். "எப்போது முடியும்?" என்று மட்டும் கேளாதீர்கள். "இந்த வாரம் என்ன கற்றாய்? சுகமாகச் சாப்பிடுகிறாயா? மனதுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். முதல் ஆறு மாதங்களில் பிள்ளை அழுவதும், திரும்பி வரப் போகிறேன் என்பதும் இயல்பு. உடனே அழைத்துவிடவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருங்கள். ஆனால் பல வாரங்களாக உண்ணாமல், உறங்காமல், எவருடனும் பேசாமல் இருப்பதாக நண்பர்கள் சொன்னால், அதனை ஈமானின் குறை என்று தட்டிக்கழிக்காதீர்கள். அது வைத்தியம் வேண்டும் நோயாக இருக்கலாம். பிள்ளையின் உயிரும் நலமும் சான்றிதழை விடப் பெரியவை.

பெண் பிள்ளைகளை அனுப்ப விரும்புவோர், மஹ்ரம் பற்றிய மார்க்கச் சட்டத்தைத் தகுதியான உலமாக்களிடம் கேட்டறிந்து, தங்குமிடத்தையும் உரிய பொறுப்பாளரையும் நேரில் விசாரித்து உறுதி செய்த பின்னரே தீர்மானிக்க வேண்டும். அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் மாணவியருக்கெனத் தனிப் பீடங்கள் உள்ளன.

திரும்பி வரும் நாளுக்காக

அன்புள்ள இளைஞனே! நீ திரும்பி வந்ததும் உன்னைப் பரீட்சிக்கப் போவது பேராசிரியர் அல்லர். உன் ஊரில் ஓர் ஏழைத் தாய், தன் மகள் வேலை செய்யும் நாட்டிலிருந்து வந்த அரபுக் கடதாசி ஒன்றை உன் கையில் தந்து, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பார். அது சம்பள ஒப்பந்தமாக இருக்கலாம். வைத்தியசாலை அறிக்கையாக இருக்கலாம். மௌத்துச் செய்தியாகவும் இருக்கலாம். அந்த வேளையில் தடுமாறாமல், கூட்டாமல் குறைக்காமல் வாசித்துச் சொல்ல உன்னால் முடிந்தால், உனக்காகச் செலவழித்த சமூகத்துக்கு நீ அமானிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

அந்த ஆற்றல் பரீட்சைக்கு முந்திய இரவில் வருவதன்று. ரொட்டிக் கடையில் பேசிய இரண்டு வார்த்தையிலும், பள்ளிவாசலில் முதியவரிடம் விசாரித்த நலத்திலும், வெட்கத்தை விட்டுத் திருத்திக்கொண்ட பிழையிலும், நேரத்துக்கு உறங்கி ஸுப்ஹுக்கு எழுந்த ஒவ்வொரு நாளிலும் அது சிறிது சிறிதாகச் சேர்வது.

அறிவு தேடி வீட்டை விட்டு வெளியேறிய நமது பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! அவர்களது உடலுக்கு ஆரோக்கியத்தையும், நாவுக்குத் தெளிவையும், உள்ளத்துக்கு இக்லாஸையும், காத்திருக்கும் பெற்றோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! கற்ற கல்வியைக் கொண்டு அவர்களும் நம் சமூகமும் நாடும் பயன்பெற நல்லருள் பாலிப்பானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.